கோட்டுக்கு வெளியே வெள்ளை ஷூக்கள்

காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சிவசங்கரி கடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "போட்டோவ எளைக்க வெக்கிற சங்கரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரை அவள் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை, இந்த ஜவ்வாது மலை வைத்தது. கடைப் பலகையில் என்னவோ ஜெராக்ஸ், ஸ்கேன், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் சனங்கள் அவளைத் தேடி வருவது வேறொன்றுக்காக. எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் போட்டோ இத்தனை கேபிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். இந்தக் காலத்துச் செல்போனில் எடுத்த எந்தப் போட்டோவும் அந்த வரிக்குள் அடங்குவதில்லை. அடக்கி அனுப்புகிறவள் சங்கரி.

இந்தக் கலையை அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பிளஸ் டூ முடித்ததும் திருப்பத்தூரில் ஒரு கணினி மையத்தில் டைப் அடிக்கும் வேலைக்குப் போனாள். சிங்காரத்தைக் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பி வந்து கடை போட்டாள். அப்போது இங்கே நெட் என்றால் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு டாங்கிள்தான். ஒரு போட்டோ மேலே ஏறுவதற்குள் வந்தவர் டீ குடித்து, வீட்டுக்கு போன் பேசி, பஸ்ஸையும் தவற விட்டு, திரும்பி வந்து உட்காருவார். டவர் ஒழுங்காக இருக்கிற ஊரில் இருந்திருந்தால் சங்கரி இதையெல்லாம் கற்றிருக்கவே மாட்டாள். சின்னதாக இருந்தால்தான் போகும், போனால்தான் வந்தவருக்குக் காரியம் நடக்கும் என்கிற நிலையில் அவள் நாள் முழுக்க அதையே நோண்டிக்கொண்டிருந்தாள்.

மற்ற கடைகளிலும் சுருக்கித் தருவார்கள். ஒரு பொத்தானை அழுத்துவார்கள், ஃபைல் சின்னதாகும், முகம் கூழாகிவிடும். சங்கரி பொத்தானைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள். "இதுல எது முக்கியம்?" முகம் என்றால் முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் இருக்கிற சுவரைக் கைவிடுவாள். பட்டா நிலத்தின் போட்டோ என்றால் எல்லைக் கல்லை வைத்துக்கொண்டு மாட்டைக் கைவிடுவாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் திமிர் தெரியும். தெரியட்டுமே. ஊரில் இருக்கிற வானாய்வகத்தில் பெரிய பெரிய கண்ணாடிகளை வைத்து நட்சத்திரம் பார்க்கிறவர்கள்கூட அவள் கடையில் வரிசையில் நின்றுதான் வாங்கிப் போகிறார்கள். நான் பார்த்தவரையில் அந்தத் திமிர் அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்படிப்பட்டவளுக்குப் போன ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவள் பிரியதர்ஷினி என்கிற இளம்பெண். அவள் வேலை செய்யும் அறக்கட்டளை, பெண்கள் விளையாட்டுக்கென்று ஒரு படக்கூடம் கட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூட அளவில் மாநிலக் கோப்பை ஜெயித்த அணிகளுக்கு அங்கே ஒரு சுவர். இருபது வருஷத்துக்கு முன்னால் கோ-கோவில் ஜெயித்த ஜவ்வாது மலைப் பெண்களுக்கும் அந்தச் சுவரில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அணியில் ஆடியவள் சங்கரி.

"ஒங்க டீம் போட்டோ ஏதாவது இருக்குமா மேம்? எங்ககிட்ட ஒரு பேப்பர் கட்டிங்தான் இருக்கு. வேற கிடைக்கலைன்னா அதையே பெருசு பண்ணி வச்சிடுவோம்" என்றாள் பிரியதர்ஷினி.

பேப்பர் கட்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் சங்கரிக்குச் சுர்ரென்று ஏறியது.

"அத மட்டும் வெக்காதீங்கம்மா. போட்டோ நான் அனுப்பறேன்."

அந்தக் கட்டிங் மேல் அவளுக்கு ஏன் அத்தனை கோபம் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவர்கள் படித்தது மலையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில். அங்கே விளையாட்டு வாத்தியாராக வந்தவர் தீர்த்தகிரி, கலசப்பாக்கத்துக்காரர். வந்த முதல் நாளே மைதானம் எங்கே என்று தேடியிருக்கிறார். மைதானம் இருந்தால்தானே. மலையில் சமமாக இருக்கிற இடம் என்றால் அது களம் ஒன்றுதான். சாமையை அறுத்து வந்து கொட்டி, மாடு கட்டி மிதிக்கிற இடம். சாணி போட்டு மெழுகி, கல் பொறுக்கி, கண்ணாடி போல வைத்திருப்பார்கள். அறுப்பு முடிந்தால் அடுத்த அறுப்பு வரை அது சும்மாதான் கிடக்கும். அங்கே ஆடிக்கொள்ளலாமா என்று மாஸ்டர் ஊரில் கேட்டார். ஊர் கூடிப் பேசி, ஆடிக்கொள்ளட்டும், ஆனால் யாரும் செருப்புக் காலோடு இறங்கக் கூடாது என்றது. சோறு கொட்டுகிற இடத்தில் யார் செருப்போடு நடப்பார்கள்? மாஸ்டரும் தன் கேன்வாஸ் ஷூவை வெளியே கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு விசில் ஊதினார். பெண்கள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு களத்தில் இறங்குவார்கள். அப்படியே அந்த மண்ணில் ஓடிப் பழகினார்கள்.

மாநிலப் போட்டி தஞ்சாவூரில். பள்ளியில் எல்லோருக்கும் புதிதாக வெள்ளை ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. சின்னக்குழந்தை என்ற பெயர் கொண்ட, அணியிலேயே உயரமான கேப்டன், ஷூவில் தூசி படக் கூடாது என்று துணியை ஈரம் பண்ணித் துடைத்துக்கொண்டே இருந்தாள். தங்கியிருந்த பள்ளியிலிருந்து மைதானம் வரைக்கும் கட்டின நாடா அவிழாமல் வந்தார்கள்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு வந்தது. முன்னால் போன சங்கரி நின்றாள். குனிந்து ஷூவைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்துக் கோட்டுக்கு வெளியே வைத்தாள்.

"ஷூ போட்டுக்கிட்டே ஆடலாம்மா" என்றார் அங்கிருந்த நடுவர்.

"தெரியும் சார்" என்றாள் சங்கரி. மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் வந்தவர்களும் ஒருத்தி மிச்சமில்லாமல் அதையே செய்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆடுகிற இடம் என்றால் அது களம். களம் என்றால் வெறுங்கால். அந்தப் பிள்ளைகளுக்கு உலகத்தில் வேறு விதமான மைதானம் இருக்கிறது என்றே தோன்றவில்லை.

ஆட்டத்தைப் பற்றி நான் நீட்டி முழக்கப் போவதில்லை. சின்னக்குழந்தையைத் தொட எதிரணி பட்ட பாடும், சங்கரி கம்பத்தைச் சுற்றிப் பாய்ந்து ஆளைத் தொட்டதும், இன்றைக்கும் அவர்கள் இரண்டு பேரும் சந்தித்தால் பேசித் தீராத விஷயங்கள். ஜெயித்தார்கள். கோப்பையோடு நிற்க வைத்து ஒரு போட்டோக்காரர் படம் எடுத்தார். அதை மாஸ்டர் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் கட்டி, கேப்டனிடம் கொடுத்தார். அதில் அரக்கு நிறப் பனியன்கள், சிரிப்பு அடக்க முடியாத முகங்கள், புழுதி படிந்த பாதங்கள் எல்லாம் இருக்கும். இடது மூலையில், கோட்டுக்கு வெளியே, வெள்ளை ஷூக்கள் வரிசையாக இருக்கும்.

அதே இடத்தில் ஒரு பத்திரிகைக்காரரும் படம் எடுத்தார். அவர் பத்திரிகையில் இடம் குறைவாக இருந்ததோ என்னவோ, இரண்டு பக்கமும் வெட்டிப் போட்டார்கள். ஷூ வரிசை போய்விட்டது. வெறும் பாதங்கள் மட்டும் இருந்தன. மேலே கொட்டை எழுத்தில், "செருப்புக்கும் வழியில்லாத மலைச் சிறுமிகள் சாதனை" என்று போட்டார்கள்.

எழுதினவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. இரக்கப்பட்டிருப்பார். அந்த இரக்கம்தான் பிள்ளைகளைப் பிடித்துத் தின்றது. அடுத்த வாரமே மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு சாக்கு மூட்டை வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பழைய செருப்புகளும் பழைய ஷூக்களும். அறுந்தது, தேய்ந்தது, ஒற்றைக் கால், எல்லாம் இருந்தன. சங்கரி அந்த மூட்டையை எட்டி உதைத்தாள். மாஸ்டர் திட்டவில்லை. திரும்பக் கட்டி, வந்த வழியே அனுப்பி வைத்தார்.

மூட்டை திரும்பிப் போயிற்று, பேச்சு போகவில்லை. திருப்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், "நீதானேம்மா அந்தச் செருப்பில்லாத டீம்?" என்று கேட்டார்கள். கல்யாணத்தில் யாரோ ஒரு மாமா மணமேடையிலேயே அதைச் சொல்லி அவளை வாழ்த்தினார். "எங்களுக்கு ஷூ இருந்துச்சு" என்று சங்கரி சொல்வாள். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு, "பரவால்லம்மா, ஏழ்மை ஒண்ணும் குத்தமில்ல" என்பார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல, இவள் ஏழ்மையை மறைக்கிறாள் என்று அவர்கள் முடிவு கட்டுவார்கள். இருபது வருஷமாக இதுதான் கதை. இப்போது அந்தக் கட்டிங்கைப் பெரிதாக்கிச் சென்னையில் சுவரில் மாட்டப் போகிறோம் என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

சின்னக்குழந்தை இப்போது சாமையும் புளியுமாகக் குடும்பம் நடத்துகிறாள். செய்தி கேட்டதும் போட்டோவைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். சட்டத்தைப் பிரித்து எடுத்தால், படம் சங்கரியின் ஸ்கேனர் கண்ணாடியைவிடப் பெரிதாக இருந்தது. துண்டு துண்டாக ஸ்கேன் பண்ணி ஒட்டினால் கோடு தெரியும். திருப்பத்தூரில் பெரிய ஸ்கேனர் உள்ள ஸ்டுடியோ ஒன்று உண்டு. சிங்காரம் வேன் ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போகிறான். அவனிடம் கொடுத்தனுப்பினாள்.

ஸ்டுடியோக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். சிங்காரம் பென் டிரைவோடு திரும்பி வந்தது, படம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் அன்று மத்தியானம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. சங்கரி பென் டிரைவைச் செருகினாள். கம்ப்யூட்டர் முனகியது. படம் திறக்கவே இல்லை.

"இன்னா இது, நானூறு எம்பிக்கு மேல கீது? ஸ்டுடியோல இன்னா சொன்ன நீ?"

"நான் இன்னா சொல்றது. மெட்ராஸுக்குப் போற படம், நல்லா கோபுரமா போட்டுக் குடுன்னு சொன்னேன்" என்றான் சிங்காரம்.

சின்னக்குழந்தை சிரித்துவிட்டாள். மலையில் வெளியாருக்குச் சாமை அளந்தால் படியைத் தலை தட்டி அளக்க மாட்டார்கள். கோபுரமாக, விளிம்பில் வழிய வழிய அளப்பார்கள். தலை தட்டினால் கொடுக்கிற வீட்டுக்குக் கேவலம். சிங்காரம் அந்த நியாயத்தை ஸ்கேனரிலும் கேட்டு வாங்கியிருக்கிறான். ஸ்டுடியோக்காரரும் தன் மெஷினில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டார். பிரியதர்ஷினி சொன்ன அளவு அஞ்சு எம்பி. அதற்கு மேல் அவர்கள் ஆபீஸ் மெயில் வாங்காது. லிங்க் அனுப்பினால் திறக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. வாட்ஸ்அப் தன் இஷ்டத்துக்கு நசுக்கிவிடும். அது மட்டுமில்லை, மூன்றடி அகலத்துக்குப் பிரிண்ட் போடுவதால் அகலத்தில் ஐயாயிரம் பிக்சலுக்குக் குறையவும் கூடாது.

"கோபுரமா வாங்கினு வந்தியே, அத இப்ப யாரு தலை தட்றது?" என்றாள் சங்கரி.

"அதுக்குத்தான நீ கீற" என்றான் அவன். பொண்டாட்டியைப் பற்றி அவனுக்கு உள்ள பெருமையை அவன் இப்படித்தான் சொல்லுவான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒருவழியாகப் படம் திறந்தது. பிக்சலை வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்தாள். அச்சுக்கு ஆகாத பாரத்தையெல்லாம் கழித்து ஜேபெக்காகச் சேமித்தாள். நானூறு போய்ப் பன்னிரண்டு ஆயிற்று. சின்னக்குழந்தை வாயைப் பிளந்தாள். சங்கரி அசரவில்லை. தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் முகங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் கெடாமல் எவ்வளவு இறக்கலாமோ அவ்வளவும் இறக்கி அஞ்சுக்குள் கொண்டுவந்து, மெயிலில் இணைத்து அனுப்பினாள். போயிற்று என்று கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

உட்கார்ந்திருந்த இடத்தின் சூடு ஆறுவதற்குள் மெயில் திரும்பி வந்துவிட்டது. அளவு கூடுதலாம். சங்கரி தலையில் அடித்துக்கொண்டாள். மெயிலில் வைத்துக் கட்டும்போது எந்த ஃபைலும் மூன்றில் ஒரு பங்கு ஊதிக்கொள்ளும். அவளுக்குத் தெரியாத விஷயமா? பதற்றத்தில் மறந்துவிட்டாள். அப்படியென்றால் மூன்றரைக்குள் வந்தாக வேண்டும். தரத்தை இன்னும் இறக்கிப் பார்த்தாள். மூன்றரை வந்தது, சின்னக்குழந்தையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பிரியதர்ஷினியின் போன்.

"மேம், மெயில் வரலையே. சாயந்தரம் பிரிண்டுக்கு அனுப்பணும். நீங்க அன்னிக்கு போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பின சாம்பிளப் பாத்தேன். லெஃப்ட் சைடுல ஷூ எல்லாம் கெடக்கு இல்லையா, அந்தப் பக்கத்தைக் கிராப் பண்ணிட்டா சைஸ் கொறைஞ்சுடுமே? அகலம் கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவால்ல, படமும் நீட்டா இருக்கும்."

அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. அதுதான் சுலபமான வழி. அந்த மூலையை வெட்டினால் மூன்றரைக்குள் படம் வந்துவிடும், முகமும் உடையாது. இவளே வேறு யாருக்காவது செய்தால் முதலில் அதைத்தான் செய்வாள்.

"அது எங்க ஷூ" என்றாள் சங்கரி. "அத வெட்டினா அந்தப் படமே எங்களுக்கு வேணாம்மா."

"அப்ப கட்டிங்தான் மேம் வைக்கணும். என்னால டைம் தள்ளிப்போட முடியாது. சாரி மேம்."

"தள்ளிப்போட வேணாம். சாயந்தரத்துக்குள்ள வரும்."

போனை வைத்தாள். சின்னக்குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டிருடி சங்கரி. கட்டிங்குக்கு இது எவ்ளோ மேல்? மூஞ்சியாவது நல்லா தெரியும்" என்றாள்.

"ஒன் மூஞ்சிய வெச்சி இன்னா பண்றது? காலப் பாத்துட்டு மறுபடியும் ஐயோ பாவம்னுவான். இன்னொரு மூட்ட வரும். ஒன் வூட்ல எறக்கிக்கிறியா?"

சின்னக்குழந்தை திரைக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தாள். மூட்டையைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றவள் அவள்.

சங்கரி படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டாள். இதில் எது முக்கியம்? முகம். கோப்பை. பாதம். மண். ஷூ. இதில் எதையும் கைவிட மாட்டேன். சரி, வேறு என்ன இருக்கிறது? அப்போதுதான் திரையின் மேல்பாதி முழுக்கப் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிவதைக் கவனித்தாள். அந்தக் காலத்தில் பெரிய பிரிண்ட்டுகளைச் சொரசொரப்பான தாளில் போடுவார்கள், தடவினால் பட்டுத்துணி மாதிரி இருக்கும். ஸ்டுடியோக்காரரின் மெஷின் அந்தத் தாளின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் விடாமல் வாரிக்கொண்டு வந்திருக்கிறது. ஃபைலுக்கு அந்தப் புள்ளிகளும் சின்னக்குழந்தையின் கண்ணும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே அக்கறையாக எழுதி வைத்திருக்கிறது. படத்தில் பாதிக்குப் பாதி வானம். ஒன்றுமில்லாத வெறும் வானம் பாதி பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

அவள் முகங்களையும் கைகால்களையும் மண்ணையும் ஷூ வரிசையையும் சுற்றிக் கவனமாக வேலி போட்டாள். வேலிக்கு உள்ளே இருப்பதைத் தொடக் கூடாது. வெளியே இருந்த வானத்தையும் பின்னால் தெரிந்த பள்ளிச் சுவரையும் மெதுவாக இழைக்கத் தொடங்கினாள். மௌஸ் போகப் போகப் புள்ளிகள் மறைந்து வானம் வழவழவென்று ஆயிற்று.

"வானத்த எதுக்குடி தேய்க்கிற?" என்றாள் சின்னக்குழந்தை.

"ஜெயிச்சது நாமளா, வானமா?"

"நாமதான்."

"அப்ப அது கொஞ்சம் எளைக்கட்டும்."

ஊர் முழுக்க வானத்துக்கு மரியாதை செய்கிற ஊர் காவலூர். வானம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று தெருவிளக்கைக்கூட அடக்கி வாசிக்கிற ஊர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி வானத்தைத் தேய்த்துச் சின்னதாக்கினாள். வானாய்வகத்துக்காரர் யாராவது அந்த நேரம் கடைக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. கொட்டும் மழையில் எவரும் வரவில்லை.

எல்லாம் முடித்து, தரத்தை முகம் கெடாத அளவிலேயே நிறுத்திச் சேமித்தாள். எண்ணைப் பார்த்தாள். மூன்றரைக்குக் கீழே நின்றது. சின்னக்குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கினாள், உடையவில்லை. ஷூ வரிசையைப் பெரிதாக்கினாள். நாடா முடிச்சு தெரிந்தது. ஒவ்வொரு ஜோடியும் குதிகால் சேர்ந்து, முனை மைதானத்தைப் பார்த்து நின்றது. அந்த வயதில் இப்படி அழகாக வைத்திருக்கிறோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மழையில் கடை நெட் செத்துப்போயிருந்தது. சிங்காரம் தன் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். குடை பிடிக்கவும் கை இல்லை, பாதி உடம்பு நனைந்தது. கோபுரமாக வாங்கி வந்த பாவத்துக்கு அது சரியான தண்டனை என்று சின்னக்குழந்தை சொன்னாள். மெயிலில் படத்துக்குக் கீழே சங்கரி இரண்டே வரி எழுதினாள். "இடது மூலையில் இருப்பவை எங்கள் ஷூக்கள். களத்துக்குள் செருப்பு போட மாட்டோம்." அனுப்பினாள். ஒரு கோடு மெதுவாக ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "கிடைத்தது மேம். ரொம்பக் கிளியர். நீங்கள் எழுதிய வரியையே கீழே வைத்துக்கொள்ளலாமா?" சங்கரி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு சத்தமாக ஒருமுறை படித்தாள், சின்னக்குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டு.

படக்கூடம் திறந்த அன்று அணியில் வர முடிந்தவர்கள் எல்லோரும் சிங்காரத்தின் வேனில் போனார்கள். கலசப்பாக்கத்திலிருந்து தீர்த்தகிரி மாஸ்டரையும் ஏற்றிக்கொண்டார்கள். எல்லோர் காலிலும் அன்றைக்கென்று வாங்கின புதுச் செருப்பு. சங்கரியினுடையது குதிகால் உயர்ந்தது. வேனை விட்டு இறங்கும்போதே இரண்டு தடவை தடுமாறினாள், ஆனால் யார் கையையும் பிடிக்கவில்லை.

கூடத்தின் வாசலில் பளபளவென்று தரை. உள்ளே எல்லோரும் செருப்போடும் ஷூவோடும்தான் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன சங்கரி வாசலில் நின்றாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்துச் சுவரோரமாக வைத்தாள்.

"செருப்போடவே போலாம்மா" என்றார் காவலுக்கு நின்றவர்.

"தெரியும் சார்" என்றாள்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகக் கழற்றி அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மாஸ்டரும் வைத்தார். கடைசியாக வந்த சிங்காரம் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு அப்படியே உள்ளே நுழைந்தான். சங்கரி திரும்பிப் பார்த்தாள். அவன் அப்படியே பின்வாங்கி வாசலுக்குப் போய்க் கழற்றி வைத்துவிட்டு வந்தான்.

படம் சுவரில் மூன்றடி அகலத்துக்கு இருந்தது. சின்னக்குழந்தை தன் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்களும் அவரவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். சங்கரி மட்டும் வானத்தைப் பார்த்தாள். தேய்த்த இடம் எங்கேயும் தெரியவில்லை. பிறகு இடது மூலைக்கு வந்தாள். வெள்ளை ஷூக்கள் அத்தனையும் அங்கே இருந்தன, நாடா முடிச்சு உட்பட. கீழே அவளுடைய இரண்டு வரி.

அவர்களுக்கு முன்னாலேயே ஒரு காலேஜ் பெண் அந்தப் படத்தின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். விளையாட்டுக்காரி போலிருந்தது, தோளில் கிட் பேக். அவள் அந்த வரியைப் படித்தாள். படத்தின் மூலையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பக்கத்தில் வந்து நின்றவர்களின் வெறுங்கால்களையும், அங்கிருந்து வாசலில் சுவரோரமாக வரிசையாக இருந்த செருப்புகளையும் பார்த்தாள்.

ஐயோ பாவம் என்று அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் கொஞ்சம் நகர்ந்து, சங்கரிக்கு முன்னால் நிற்க இடம் விட்டாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக, ஷூ இருந்தது என்று சங்கரி யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.